மெஸ்கீட்: ஒரு முள்மரமும் அதன் பெயரில் ஒரு மென்பொருளும்

மெஸ்கீட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்தக் கூட்டத்து மரம் ஒன்றைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சீமைக் கருவேலம், வேலிகாத்தான் என்று நாம் சொல்வது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட ஒரு மெஸ்கீட் வகைதான். நான் எழுத வந்தது அதன் நெருங்கிய உறவுக்காரரைப் பற்றி. அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் பரந்து கிடக்கும் சொனோரன் பாலைவனத்து மெஸ்கீட்டைப் பற்றி, அப்புறம் அதே பெயரில் இருக்கும் ஒரு மென்பொருளைப் பற்றி. பரிணாம உயிரியல் படிப்பவர்கள் "மெஸ்கீட்டில் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டால் அது மரக்கட்டையைப் பற்றிய கேள்வி அல்ல. உயிரினங்களின் வம்சாவளியைப் படமாகப் போட்டு, அந்தப் படத்தில் கேள்வி கேட்கும் ஒரு கணினி நிரலைச் சொல்கிறார்கள்.

ஒரு பெயர் இரண்டு இடத்தில் இருப்பது பெரிய விஷயமில்லைதான். ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. அந்த மென்பொருள் எந்த மாதிரிக் கேள்விக்காக எழுதப்பட்டதோ, அதற்கு மெஸ்கீட் மரத்தைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இந்த மரத்தின் குடும்ப வரலாறே 2022-ல் தலைகீழாகப் புரண்டது. அதைப் புரிந்துகொள்ள உதவுவது அதன் முள். சரி, மரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

மெஸ்கீட் என்ற சொல் அஸ்டெக் மக்கள் பேசிய நஹுவாட்ல் மொழியின் "மிஸ்கித்ல்" என்ற சொல்லிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போய் அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரே ஒரு மரத்துக்கு உரிய பெயர் இல்லை இது. சொனோரன் பாலைவனத்தில் அதிகம் காண்பது வெல்வெட் மெஸ்கீட், இலையிலும் காயிலும் மெல்லிய பூனைமயிர் போன்ற தூவி இருப்பதால் அந்தப் பெயர். டெக்சாஸ் பக்கம் போனால் தேன் மெஸ்கீட். காய் திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும் இன்னொன்றைத் திருகு மெஸ்கீட் என்று சொல்லலாம். அவரைக் குடும்பத்து மரங்கள் எல்லாமே. வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாக மாற்றிக் கொடுக்கின்றன, அதனால் சத்தில்லாத மண்ணிலும் பிழைத்துக்கொள்கிறது.

பாலைவனத்தில் இது தாக்குப்பிடிப்பதற்குப் பெரிய காரணம் வேர். அரிசோனாவில் டூசான் நகருக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியபோது, தரைமட்டத்திலிருந்து 53 மீட்டர் ஆழத்தில் மெஸ்கீட் வேர் இருந்ததைக் கண்டார்கள். 170 அடிக்கு மேல்! பதினைந்து மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக மண்ணுக்குள் புதைத்த மாதிரி. 1963-ல் இது ஓர் அறிவியல் இதழில் பதிவானது, ஆழமான வேர்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்றும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். எல்லா மெஸ்கீட்டும் இவ்வளவு ஆழம் போகும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான வேர் மேல்மண்ணில்தான் பக்கவாட்டில் படர்ந்திருக்கும், மழை பெய்தால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். மழை இல்லாத நாளுக்குக் கீழே ஓர் ஏற்பாடு, மழை வந்தால் மேலே ஓர் ஏற்பாடு. இரண்டும் ஒரே மரத்தில்.

அதன் நிழலுக்கும் ஒரு வேலை உண்டு. படங்களில் கை தூக்கி நிற்கும் அந்த ராட்சதக் கள்ளி இருக்கிறதே, சகுவாரோ, அதன் விதை வெட்டவெளியில் முளைத்தால் வெயிலில் கருகிவிடும், பனிக்காலத்து இரவில் விறைத்துவிடும். மெஸ்கீட், பாலோ வெர்டே போன்ற மரங்களின் அடியில் விழுந்த விதைதான் பெரும்பாலும் பிழைக்கிறது. தாதி மரம் என்றே இவற்றைச் சொல்கிறார்கள். டோஹோனோ ஓதாம் போன்ற அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு மெஸ்கீட் பல நூற்றாண்டுகளாக உணவு, விறகு, மருந்து, வீட்டுக்கான மரம் எல்லாமே. காயின் சதை இனிப்பு, காயவைத்து இடித்து மாவாக்குவார்கள். உள்ளே இருக்கும் விதை கல் மாதிரி, இடித்தாலும் அவ்வளவு லேசில் உடையாது. மாடு தின்றால் வயிற்றைக் கடந்து சாணத்தோடு முழுசாக வெளியே வந்து, உரத்தோடு முளைக்கும். கால்நடை மேய்ச்சல் பெருகிய பிறகு அமெரிக்கத் தென்மேற்கின் புல்வெளிகளுக்குள் மெஸ்கீட் நுழைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வளவு சதையும் இவ்வளவு கெட்டியான விதையும் பனியுகத்தில் அங்கே வாழ்ந்து அழிந்துபோன யானை போன்ற பெரிய விலங்குகளுக்காக உருவானதாக இருக்கலாம், பிறகு வந்த மாடுகள் அந்தப் பழைய வேலையைத் தெரியாமலே எடுத்துக்கொண்டன என்று ஒரு கருத்தும் உண்டு.

டூசானுக்குத் தெற்கே சாந்தா குரூஸ் ஆற்றங்கரையில், சான் சேவியர் பகுதியில், ஒரு காலத்தில் பெரிய பெரிய மெஸ்கீட்கள் நிறைந்த அடர்ந்த காடு இருந்தது. விறகுக்கு வெட்டியதும், பம்பு வைத்து நிலத்தடி நீரை இறைத்ததும் சேர்ந்து 20-ம் நூற்றாண்டில் அந்தக் காட்டைக் கொன்றுவிட்டன. 53 மீட்டர் வேர் விடத் தெரிந்த இனம் தண்ணீர் இறங்கிப் போனதால் செத்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வேர் வளர ஒரு வேகம் உண்டு, பம்பின் வேகம் வேறு.

இப்போது மென்பொருளுக்கு வருகிறேன். அதே டூசானில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் வேன் மேடிசன், டேவிட் மேடிசன் என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். அச்சு அசல் இரட்டையர்கள். வேன் குதிக்கும் சிலந்திகளை ஆராய்பவர், டேவிட் வண்டுகளை. பிற்பாடு வேன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கும் டேவிட் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் போய்விட்டார்கள். 1980-களிலேயே இவர்கள் மேக்கிளேட் என்று ஒரு நிரல் எழுதியிருந்தார்கள். 1992-ல் வந்த அதன் 3-ம் பதிப்பின் கையேடு வெறும் கையேடாக இல்லாமல், பரிணாம மரங்களை, அதாவது உயிரினங்களின் வம்சாவளிப் படங்களை, எப்படி யோசிப்பது என்று கற்றுக்கொடுக்கும் பாடப்புத்தகமாகவே இருந்தது. பெயரிலேயே தெரியும், மேக்கிளேட் மெக்கின்டாஷ் கணினியில் மட்டும்தான் ஓடும். மெஸ்கீட்டை அவர்கள் ஜாவாவில் எழுதினார்கள், எந்தக் கணினியிலும் ஓடும்படி. 2000-களின் தொடக்கத்தில் வெளியானது, இலவசம், மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

அது என்ன செய்கிறது என்பதற்கு முன்னால், என்ன செய்வது அதன் முதன்மை வேலை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். டிஎன்ஏ வரிசைகளைக் கொடுத்து எந்த உயிரினம் எதற்கு நெருக்கம் என்று மரத்தைக் கண்டுபிடித்துத் தரும் நிரல்கள் வேறு இருக்கின்றன. மெஸ்கீட்டின் முக்கிய வேலை மரம் கையில் வந்த பிறகு தொடங்குகிறது. ஒரு பக்கம் மரம். இன்னொரு பக்கம் ஓர் அட்டவணை, அதில் ஒவ்வொரு வரியும் ஓர் இனம், ஒவ்வொரு பத்தியும் ஒரு பண்பு: முள் உண்டா, பூ என்ன நிறம், காய் சுருண்டதா நேரா என்று. இரண்டையும் சேர்த்துப் போட்டு "இந்தப் பண்பு எந்தக் கிளையில் எப்போது மாறியிருக்கும்?" என்று கேட்கலாம். கிளைகள் வண்ணமாகும். கணுக்களில், அதாவது கிளை பிரியும் இடங்களில், இன்று இல்லாத ஒரு மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கான விடை தெரியும்.

விடை எப்படி வருகிறது? எளிய வழி சிக்கன விதி. ஐந்து செடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் இரண்டுக்கு முள், மூன்றுக்கு இல்லை. முள் உள்ள இரண்டும் பக்கத்துக் கிளைகளாக இருந்தால், அவற்றின் பொதுவான மூதாதையிடம் ஒரு தடவை முள் தோன்றியது என்றால் கணக்கு முடிந்தது, ஒரே ஒரு மாற்றம். அந்த இரண்டும் மரத்தின் இரு கோடியில் இருந்தால் குறைந்தது இரண்டு மாற்றங்கள் வேண்டும். மிகக் குறைந்த மாற்றங்களில் எல்லாவற்றையும் விளக்கிவிடும் கதையைத் தேர்ந்தெடு, அவ்வளவுதான் விதி. ஆனால் பரிணாமம் எப்போதும் சிக்கனமாக நடந்துகொள்ளும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் நிகழ்தகவு வழியும் மெஸ்கீட்டில் இருக்கிறது. கிளை நீளமாக இருந்தால், அதாவது நிறைய காலம் கடந்திருந்தால், மாற்றம் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் அது கணக்கில் எடுக்கும். அப்போது கணுவில் ஒரே நிறத்துக்குப் பதிலாக ஒரு வட்டம் வரும், பங்கு போட்ட மாதிரி: இந்த மூதாதைக்கு முள் இருந்திருக்க இவ்வளவு வாய்ப்பு, இல்லாமலிருக்க இவ்வளவு வாய்ப்பு என்று.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று, மேக்கிளேட் காலத்திலிருந்து வருவது. திரையில் ஒரு கிளையை மவுஸால் பிடித்து இழுத்து வேறு இடத்தில் ஒட்டலாம். ஒட்டிய அந்த நொடியே வண்ணங்கள் மாறும், மாற்றங்களின் எண்ணிக்கை ஏறும் அல்லது இறங்கும். இது விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் வம்சாவளி மரம் என்பது கல்லில் செதுக்கிய உண்மை அல்ல, ஓர் ஊகம், ஊகம் மாறினால் கடந்த காலத்தைப் பற்றி நாம் சொல்லும் கதையும் மாறும் என்பதை இதைவிட வேகமாகக் கற்றுக்கொடுக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. பத்துப் பக்கம் வாசித்துப் புரியாதது பத்து தடவை கிளையை இழுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

இன்னொரு சிறப்பு, மெஸ்கீட் ஒரே கட்டியான நிரல் இல்லை, சின்னச் சின்னத் துண்டுகளாக, மாட்யூல்களாகக் கட்டப்பட்டது. மரத்தை வரைவது ஒரு துண்டு, எண்ணிக்கை எடுப்பது ஒரு துண்டு, செயற்கையாகத் தரவு உருவாக்கிப் பார்ப்பது ஒரு துண்டு. வெளியாட்கள் தங்கள் துண்டை எழுதிச் சேர்க்கலாம், சேர்த்தும் இருக்கிறார்கள்.

சரி, முள்ளுக்கு வருவோம்.

மெஸ்கீட் மரங்களுக்குப் பல காலமாக இருந்த அறிவியல் பேரினப் பெயர் புரோசோபிஸ் (பேரினம் என்றால் நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டம்). உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையைத் தந்த லின்னேயஸ் 1767-ல் வைத்த பெயர். அதை அவர் வைத்தது அமெரிக்க மெஸ்கீட்டுக்கு இல்லை, நம்முடைய வன்னி மரத்துக்கு. பிற்பாடு வந்தவர்கள் அமெரிக்க மெஸ்கீட்டையும் ஆப்பிரிக்க மரம் ஒன்றையும் அதே பேரினத்தில் சேர்த்தார்கள். அர்ஜென்டினாவின் தாவரவியலாளர் பர்க்கார்ட் 1976-ல் வெளியான தன் பெரிய ஆய்வில் புரோசோபிஸில் 44 இனங்கள் என்று கணக்கிட்டு, அவற்றைச் சில பிரிவுகளாக வகுத்தார். அந்தப் பிரிவுகளுக்கு அவர் பார்த்த முக்கியமான அடையாளங்களில் ஒன்று முள் எங்கிருந்து கிளம்புகிறது என்பது.

முள் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் செடியின் உடம்பில் அது பல வழிகளில் உருவாகும். அமெரிக்காவின் பெரும்பாலான மெஸ்கீட்களில் முள் இலைக்கோணத்தில், அதாவது இலை தண்டோடு சேரும் அந்த மூலையில், கிளம்பும். அங்கே ஒரு சிறு கிளை வர வேண்டும், அந்தக் கிளையே முள்ளாகிவிட்டது. நம் சீமைக் கருவேலம் இந்த வகை. திருகு மெஸ்கீட்டிலும் அதன் கூட்டாளிகளிலும் முள் இலையடிச் செதிலிலிருந்து வந்தது, இலைக் காம்பின் அடியில் இரு பக்கமும் இருக்கும் சின்ன உறுப்பு அது. வன்னியில் முள் இலைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்ற கணக்கே இல்லை, இரண்டு இலைகளுக்கு நடுவே தண்டின் தோலில் அங்கங்கே கிளம்பியிருக்கும், ரோஜாவின் முள் மாதிரி. ஆப்பிரிக்க மரத்துக்கு முள்ளே கிடையாது. கையில் குத்தினால் எல்லாம் ஒன்றுபோலத்தான் வலிக்கும். ஆனால் ஒன்று கிளை, ஒன்று செதில், ஒன்று தோல்.

பர்க்கார்ட் இந்த வேறுபாடுகளைத் தெளிவாகப் பார்த்தார், இருந்தும் எல்லாவற்றையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார். அதன் பிறகு டிஎன்ஏ காலம் வந்தது. இந்தக் கூட்டம் ஒரே குடும்பமாக நிற்காது என்ற சந்தேகம் மெல்ல மெல்ல வலுத்தது. தொட்டாற்சிணுங்கி போன்றவை அடங்கிய மிமோசாக்களின் முழுக் கூட்டத்திலும் 997 மரபணுக்களை எடுத்து ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. ஒரு மரபணு போதாதா, எதற்கு 997 என்று கேட்கலாம். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனியாக ஒரு வம்சாவளி இருக்கும், அது இனத்தின் வம்சாவளியோடு எப்போதும் ஒத்துப்போகாது. இனங்கள் வேகமாகப் பிரியும்போது பழைய மரபணு வகைகள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டுப் போய்விடும், ஒரே ஒரு மரபணுவை நம்பினால் தவறான மரம் வரும். இந்த விஷயத்தை 1997-லேயே தெளிவாக எழுதியவர்களில் வேன் மேடிசனும் ஒருவர். இனங்களின் மரத்துக்குள் மரபணுக்களின் மரம் எப்படி ஓடுகிறது என்று வரைந்து பார்க்கும் வசதி மெஸ்கீட்டிலும் இருக்கிறது. (மெஸ்கீட் மரங்களைப் பற்றிய இந்த ஆய்வு மெஸ்கீட் மென்பொருளில் நடந்தது என்று நான் சொல்லவில்லை. மரத்தைக் கட்டுவது வேறு வேலை என்று மேலேயே சொன்னேன்.)

வந்த விடை இது. ஆப்பிரிக்க மரம் மற்றவற்றிலிருந்து வெகு தூரத்தில், மிமோசாக் கூட்டத்தின் அடிப்பக்கத்தில் தனிக் கிளையாக நிற்கிறது. வன்னியும் அதன் பழைய உலகத்து உறவுகளும் இந்தியா, நேபாளம் பகுதியில் மட்டும் இருக்கும் இந்தோபிப்டடீனியா என்ற மரத்துக்குப் பக்கத்துக் கிளை. அமெரிக்க மெஸ்கீட்கள் வேறொரு கிளை, அந்தக் கிளைக்குள்ளேயே தென்மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில் வளரும் ஜெரோக்லேடியா என்ற சின்னப் புதர் ஒன்று நுழைந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக வன்னிக்கும் சீமைக் கருவேலத்துக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்ததே தவிர, உறவு அவ்வளவு நெருக்கம் இல்லை. அதனால் 2022-ல் பேரினத்தைப் பிரித்தார்கள். ஆப்பிரிக்க மரம் அனோனிகியம் ஆனது. திருகு மெஸ்கீட் கூட்டம் ஸ்ட்ராம்போகார்பா. மற்ற மெஸ்கீட்கள் நெல்டுமா. மூன்றுமே புதிதாகக் கண்டுபிடித்த பெயர்கள் இல்லை, பழைய ஏடுகளில் கிடந்து தூசி தட்டி எடுத்தவை. இனங்களின் பெயரைப் புதிய பேரினப் பெயரோடு சேர்த்து எழுத 57 புதிய பெயர்ச் சேர்க்கைகள் தேவைப்பட்டன. லின்னேயஸ் வைத்த புரோசோபிஸ் என்ற பெயர் யாருக்குப் போயிற்று? பெயரிடும் விதிப்படி அந்தப் பெயர் எந்த இனத்தை அடிப்படையாக வைத்து வந்ததோ அதோடுதான் இருக்கவேண்டும். எனவே அது வன்னிக்கும் இன்னும் இரண்டே இரண்டு இனங்களுக்கும் மட்டும் மிஞ்சியது.

பிரித்த கோடுகள் முள்ளின் கோடுகளோடு ஒத்துப்போகின்றன. கிளை முள் உள்ளவை நெல்டுமா, செதில் முள் ஸ்ட்ராம்போகார்பா, தோல் முள் புரோசோபிஸ், முள் இல்லாதது அனோனிகியம். பர்க்கார்ட் பார்த்த அடையாளம் சரி, அதற்கு அவர் கொடுத்த எடைதான் குறைச்சல் என்று நான் வாசிக்கிறேன். கண்ணால் பார்த்துச் செய்த பழைய வகைப்பாட்டை டிஎன்ஏ வந்து துடைத்தெறிந்துவிட்டது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. அவர் வகுத்த பிரிவுகள் நிலைத்தன, அவற்றின் மேல் ஒட்டியிருந்த ஒற்றைப் பெயர்தான் போயிற்று.

இதை மெஸ்கீட்டில் போட்டால் ஒரு முக்கியமான பாடம் கிடைக்கும். அட்டவணையில் "முள்: உண்டு / இல்லை" என்று ஒரே ஒரு பத்தி வைத்தால், நெல்டுமா, ஸ்ட்ராம்போகார்பா, வன்னி மூன்றும் ஒரே நிறமாகிவிடும், மூன்றும் ஒரே பண்பை ஒரே மூதாதையிடமிருந்து பெற்ற மாதிரித் தோன்றும். அதையே "கிளை முள்", "செதில் முள்", "தோல் முள்" என்று மூன்று பத்திகளாகப் பிரித்தால் கதை வேறு. மென்பொருள் இரண்டு அட்டவணையையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும், இரண்டுக்கும் அழகான படம் தரும். எது சரி என்று அது சொல்லாது. செடியைக் கையில் எடுத்து, முள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தவருக்குத்தான் எத்தனை பத்தி வேண்டும் என்று தெரியும். இந்தத் துறையில் புதிதாக வருபவர்கள் எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்தக் கணக்கு முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் நாள் கணக்காகச் செலவிடுகிறார்கள், பத்தியை எப்படி வகுப்பது என்பதில் பத்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. எனக்கு இது உண்மையிலேயே கவலை தரும் விஷயம், ஏனென்றால் பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது.

இன்னொரு படி மேலே போவோம். வறண்ட நிலத்துக்கும் முள்ளுக்கும் தொடர்பு இருக்கிறதா? மெஸ்கீட்களைப் பார்த்த யாருக்கும் இந்தக் கேள்வி தோன்றும். நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள், ஏறத்தாழ எல்லாமே வறண்ட நிலத்தில், ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் முள், ஆகவே நாற்பது சாட்சிகள் என்று கணக்குப் போட்டால் தவறு. ஒரு மூதாதைக்கு ஒரு தடவை முள் வந்து, அந்த மூதாதை வறண்ட நிலத்தில் இருந்திருந்தால், அதன் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டும் சொத்தாக வந்திருக்கும். நாற்பது பேர் சொல்லும் சாட்சி உண்மையில் ஒரே ஆளின் சாட்சி. 1985-ல் பரிணாம உயிரியலாளர் ஃபெல்சன்ஸ்டைன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பிறகு இதை யாரும் அலட்சியம் செய்ய முடியாமல் போனது. மெஸ்கீட் போன்ற நிரல்கள் இந்தத் திருத்தத்தைச் செய்வதற்கான கருவிகளை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தன.

ஆனால் திருத்தமும் முழுமையாக இல்லை. வேன் மேடிசனும் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஜானும் 2015-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உண்டு-இல்லை வகைப் பண்புகளுக்கு இடையே தொடர்பு தேடும் பிரபலமான சோதனைகள், மரத்தின் ஓர் இடத்தில் ஒரே ஒரு தடவை நடந்த மாற்றத்தையும் பலமான தொடர்பு என்று காட்டிவிடக்கூடும் என்று எச்சரித்தார்கள். மேடிசன் இன்னும் இருவரோடு சேர்ந்து 2007-ல் பைசி என்று ஒரு முறையை உருவாக்கியிருந்தார், ஒரு பண்பு இருப்பதால் இனங்கள் வேகமாகப் பிரிகின்றனவா என்று சோதிப்பது அது. மெஸ்கீட்டிலேயே கிடைக்கும், ஏராளமானோர் பயன்படுத்தினார்கள். அந்த முறையும் பண்புக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களை அந்தப் பண்பின் தலையில் கட்டிவிடக்கூடும் என்று பிற்பாடு மற்றவர்கள் காட்டினார்கள். தான் எழுதிய மென்பொருளில் இருக்கும் சோதனையையே இது போதாது என்று எழுத ஒருவருக்கு நேர்மை வேண்டும். அந்த 2015 கட்டுரைக்காகவே மேடிசன் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

முள் கதைக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. முள் ஒரே வகை என்றால், வறட்சிக்கும் முள்ளுக்கும் உள்ள தொடர்புக்கு இந்தக் கூட்டத்திலிருந்து கிடைப்பது ஒரே ஒரு சாட்சியாக இருக்கலாம். மூன்று வெவ்வேறு உறுப்புகள் தனித்தனியாக முள்ளாக மாறியிருந்தால், மூன்று சாட்சிகள். மூன்றும் குறைவுதான், ஆனால் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நிறைய தூரம். அந்தத் தூரத்தை மென்பொருளின் எந்தப் பட்டியலும் தானாகக் கொடுக்காது.

இன்று இந்த மாதிரிக் கணக்குகளில் பெரும்பகுதி ஆர் என்ற நிரல்மொழிக்குப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான மரங்களில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய அதுதான் வசதி. ஆனால் தரவை உட்கார்ந்து கண்ணால் பார்க்க, அட்டவணையைச் சீர்செய்ய, டிஎன்ஏ வரிசைகளை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்கிப் பிழை தேட, ஒரு கிளையை இழுத்துப் பார்த்து யோசிக்க மெஸ்கீட்டைத் திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடம் எடுப்பவர்களுக்கு இது தனி வரம். மேடிசன் சகோதரர்கள் அதை விட்டுவிடவும் இல்லை.

மெஸ்கீட் கோப்புகளைச் சேமிக்கும் வடிவத்துக்கு நெக்ஸஸ் என்று பெயர். மேடிசன்கள் இருவரும் ஸ்வாஃபோர்ட் என்ற இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து 1997-ல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் யாராவது மெஸ்கீட் மரங்களுக்கு ஒரு நெக்ஸஸ் கோப்பு செய்து வைத்திருந்தால், அதை இன்றும் திறக்கலாம். டூசான் தெருவோரத்தில் நிற்கும் வெல்வெட் மெஸ்கீட் அதில் புரோசோபிஸ் வெலுட்டினா என்று வம்சாவளி மரத்தின் ஒரு கிளை நுனியில் இருக்கும், நெல்டுமா வெலுட்டினா என்று திருத்த வேண்டும். அது தட்டச்சு வேலைதான், ஒரு நிமிடத்தில் முடியும். அப்புறம் வன்னியின் கிளையை மவுஸால் பிடித்து, மெஸ்கீட்களின் பக்கத்திலிருந்து கழற்றி, இந்தோபிப்டடீனியாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் முள் பத்தியின் எண்ணிக்கையைப் பாருங்கள்.